பேர் சொல்லிக் கூப்பிட்டால்

பீச் பழ ஜாடியின் மூடி அசைவேனா என்றது. ஆர்னெட்டா துணியால் பிடித்துத் திருகிப் பார்த்தாள், வெந்நீரில் காட்டிப் பார்த்தாள், கரண்டிக் காம்பால் ஓரத்தில் நாலு தட்டுத் தட்டியும் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ராஸ்கோ, இத கொஞ்சம் தெறந்து குடு."

கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. ராஸ்கோ முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். ஜாடி மூடியைத் திருகுவது இருக்கட்டும், மூக்கு அரித்தால் சொறிந்துவிடவே இன்னொரு ஆள் வேண்டும்.

"நான் பாத்துக்கறேன்!" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. ராஸ்கோவின் குரல் அல்ல. லாமான்ட் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றான். பட்டாளத்தில் டாங்கிக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கியவன். இப்போது ஜில்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆள் பீரோ மாதிரி இருப்பான், குரல் மட்டும் பஞ்சு.

"உன்னையா கூப்ட்டேன்? என் புருஷனக் கூப்ட்டேன்."

"தெரியும் மிஸ் ஆர்னெட்டா. அவருக்கு இப்ப கை ஒழியல."

"படுத்த படுக்கையா கெடக்கறவருக்கு அப்படி என்ன வேல?"

"ட்ரூடியத் திட்டிட்டிருக்கார்."

ஜாடியை வாங்கி ஒரே திருகு. டப் என்று மூடி விட்டுக்கொடுத்தது. ஆர்னெட்டாவுக்குக் கோபம் ஜாடி மேலா லாமான்ட் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு வாரமாக இதே கூத்துதான். இந்த வீட்டில் அவள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதாவதொரு மூலையிலிருந்து எவனாவது ஒருத்தன் "நான் பாத்துக்கறேன்" என்று ஓடிவருகிறான்.

எல்லாம் ராஸ்கோ பழக்கிவிட்டது. அவர் நர்ஸாக இருந்து நடத்திய வார்டில் அது சட்டம். நர்ஸ் யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த ஆள் வேறொரு படுக்கையில் கை நிறைய வேலையோடு இருந்தால், காதில் விழுந்த முதல் ஆள் பதில் சொல்லியாக வேண்டும். யார் என்ன என்று கேட்கக் கூடாது. "நான் பாத்துக்கறேன், எந்த பெட்?" அவ்வளவுதான். கூப்பிட்ட பேருக்குப் பதில் வராமல் போனால் அன்றைக்கு வார்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவரிடம் வாங்கிக்கட்டிக்கொள்வார்கள். டாக்டர்களுக்கே அது தொற்றிக்கொண்டது என்று ஊரில் பேச்சு.

முன்னறையில் ஷிஃப்ட் மாறிக்கொண்டிருந்தது. இவர்களை யாரும் சம்பளம் கொடுத்து வைக்கவில்லை. ராஸ்கோவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே வார்டின் பழைய பட்டாளத்து ஆட்கள் தங்களுக்குள் முறை போட்டுக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள். சுகம் விசாரிக்க வந்த ஆள் சோபாவில் உட்கார இடமில்லை. ராணுவத்தில் சரக்கு லாரி ஓட்டிய ட்ரூடி கட்டில் பக்கத்தில் விறைப்பாக நின்று லாமான்ட்டிடம் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி நல்லா தூங்கினார். வலி மருந்து குடுத்தாச்சு. இப்ப இடது பக்கமா திருப்பிப் படுக்க வெச்சிருக்கு."

"வலது" என்றார் ராஸ்கோ, கண்ணைத் திறக்காமல்.

"உங்களுக்கு வலது சார்ஜன்ட். எனக்கு இடது."

"படுத்திருக்கறது நானா நீயா?"

லாமான்ட் சுவரைப் பார்த்துச் சிரித்தான். சாகக் கிடக்கிற மனிதன் வீட்டில் இத்தனை சிரிப்பா என்று எதிர்வீட்டுக்காரர்கள் நினைத்தாலும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள் ஆர்னெட்டா.

கட்டிலோரம் உட்கார்ந்து, பீச் பாகில் ஒரு சொட்டைக் கரண்டி நுனியால் அவர் உதட்டில் வைத்தாள். நாக்கு மெல்ல வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"போன வருஷத்துது இதவிட நல்லா இருந்துச்சு."

"போன வருஷம் உனக்கு நாக்கு இருந்துச்சு."

"சக்கர கம்மி, ஆர்னெட்டா."

"இன்னும் எவ்ளோ இனிப்பு வேணுமாம் தொரைக்கு?"

அவர் உதட்டின் ஒரு பக்கம் மேலே போயிற்று. அந்த ஒரு பக்கச் சிரிப்புக்குத்தான் பத்தொன்பது வயதில் அவள் விழுந்தாள். கரண்டியைக் கழுவ எழுந்து போனாள். திரும்பி வந்தபோது லாமான்ட் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி நேராக நின்றிருந்தான். ட்ரூடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். சமையலறையில் மூடாமல் வந்த குழாய் ஓடுவது ஆர்னெட்டாவுக்கு அங்கே கேட்டது.

ராஸ்கோ என்று கூப்பிடத் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள்.

ஏன் விழுங்கினாள் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். ஃபயட்வில் பட்டாள முகாம் ஊர். அங்கே பட்டாளத்தானுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குக் கடைசி ரோல் கால் என்றால் என்னவென்று தெரியும். யாராவது போருக்குப் போய்ச் செத்தால், அவனுடைய படைப்பிரிவை வரிசையாக நிற்கவைத்து மூத்த சார்ஜன்ட் பேர் பேராகக் கூப்பிடுவார். உயிரோடு இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக "ஆஜர்" என்பார்கள். பிறகு செத்தவன் பேர் வரும். ஒரு தடவை. பதில் இராது. முழுப் பேரோடு இன்னொரு தடவை. பதவியும் சேர்த்து மூன்றாம் தடவை. அதோடு நிறுத்திவிடுவார்கள். அந்த அமைதிக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டிமார்களை ஆர்னெட்டா பார்த்திருக்கிறாள். எக்காளம் ஊதும்போது தாங்கியவர்கள், கொடியை மடித்து மடியில் வைக்கும்போது தாங்கியவர்கள், அந்த மூன்றாம் அழைப்புக்குப் பிறகு அடியற்ற மரமாய்ச் சாய்வார்கள்.

ராஸ்கோ மூத்த சார்ஜன்ட்டாக இருந்தபோது ஒரு தடவை அவரே கூப்பிட வேண்டி வந்தது. அவரிடம் சீட்டாட்டத்தில் எப்போதும் தோற்கிற பையன். அன்று வீட்டுக்கு வந்து, காரை விட்டு இறங்காமல் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கொஞ்ச நாள் உடையாத சாமான்களையெல்லாம் ரிப்பேர் பண்ணினார். ஆர்னெட்டா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, எங்கேயாவது போய்த் தொலை, எதையாவது படி என்று துரத்தியதில், நர்ஸிங் காலேஜில் போய்ச் சேர்ந்துவிட்டு வந்து நின்றார். நாற்பது தாண்டிய ஆள், வகுப்பு முழுக்க இருபது வயதுப் பெண்கள். முதல் நாள் கட்டில் விரிக்கும் பாடத்தில் இவர் இறுக்கி விரித்த விரிப்பின் மேல் காசைப் போட்டால் துள்ளியதாம். இரண்டாம் நாள், ஊசிக்குப் பயந்த கிழவர் ஒருவரை "அட்டென்ஷன்!" என்று அதட்டி, வாத்தியாரம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார். குரலைத் தணிக்கத்தான் அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது. மற்றதெல்லாம் சுலபம் என்பார்.

பாஸ் செய்த பிறகு மனுஷன் சும்மா இருந்தாரா? முடிவெட்டும் கடையில், மீன் பிடிக்கும் பாலத்தில், எங்கே வேலையற்ற பழைய பட்டாளத்தான் உட்கார்ந்திருந்தாலும் போய்ப் பக்கத்தில் உட்காருவார். "தூங்காம இருக்கத் தெரியும் உனக்கு. ஆளத் தூக்கத் தெரியும். அசிங்கத்த மொகம் சுளிக்காம கழுவத் தெரியும். மிச்சம் புஸ்தகத்துல இருக்கு, வா" என்பார். அப்படி வந்தவர்கள்தான் லாமான்ட், ட்ரூடி, இன்னும் இரண்டு பெஞ்சு நிறைய ஆட்கள்.

நோய் இன்னதென்று தெரிந்த அன்று ஆர்னெட்டா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், உன் பேரைக் கூப்பிட மட்டும் விடாதே, அந்த அமைதியை என்னால் தாங்க முடியாது என்றாள். சரி என்றார். சத்தியம் பண்ணு என்றாள்.

"நான் செத்தப்பறம் எனக்கு எப்படித் தெரியும்? நீதான் பாத்துக்கணும்" என்றார் ராஸ்கோ.

அதனால் அவள் பார்த்துக்கொண்டாள். அவர் போன மறுநாளே பழைய பட்டாளத்துச் சங்கத்திலிருந்து மெக்கி வந்தார், ஒரு கையில் தொப்பி, இன்னொரு கையில் வறுத்த கோழி. அவரும் ராஸ்கோவும் ஒரே பாசறையில் கஞ்சி குடித்தவர்கள். எல்லா மரியாதையும் முறைப்படி நடக்கும், ரோல் கால் நானே கூப்பிடுகிறேன் என்று ஆரம்பித்தார்.

"கொடி மடிங்க. எக்காளம் ஊதுங்க. வானத்தப் பாத்து எத்தன வேட்டு வேணாலும் போடுங்க. பேர மட்டும் கூப்பிடக் கூடாது."

"ஆர்னெட்டா, அது அவனுக்குச் செய்யற மரியாத."

"அவனுக்கு மரியாத. அங்க உக்காந்து கேக்கப் போறது நான்."

மெக்கி அவளைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், சரி என்றார். ஆர்னெட்டாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்று சாயங்காலம் மிஸஸ் ப்ரூயிட் போன் பண்ணினாள். ஓய்வு பெற்ற நர்ஸ்களின் குழு ஒன்று, செத்துப்போன நர்ஸ்களுக்கு மரியாதை செய்ய வருமாம். வெள்ளை உடுப்பு, ஒரு விளக்கு, ஒரு வெள்ளை ரோஜா, நாலு வார்த்தை. விளக்கும் பூவும்தானே, தாராளமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டாள் ஆர்னெட்டா. பக்கத்தில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்த இமோஜின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இமோஜின் ராஸ்கோவின் அக்கா. அந்த நர்ஸ்கள் வந்த சாவுக்கு அவள் போயிருக்கிறாள், முழுசாகப் பார்த்திருக்கிறாள். ஆர்னெட்டா கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. நாத்தனார் என்றால் எந்த ஊரிலும் நாத்தனார்தான்.

சனிக்கிழமை காலையில் சர்ச் நிரம்பி வழிந்தது. பாட்டுக்குழு எடுத்த எடுப்பிலேயே ஜனங்களை எழுப்பி நிறுத்திவிட்டது. கை தட்டாதவர்கள் கை இல்லாதவர்கள்தான். போதகர் ராஸ்கோவைப் பற்றி ஆரம்பித்து, ஆபரேஷன் முடிந்து தன்னை முதல் முதலாக நடக்கவைத்தபோது "இடது வலது இடது" என்று அவர் தாளம் போட்டதைச் சொன்னார். ஒரு கிழவி பின்னாலிருந்து, என்னைக் குளிப்பாட்டும்போது பாத்ரூம் வாசலில் நின்று அனுமதி கேட்டு உள்ளே வந்த ஒரே ஆண்பிள்ளை அவன்தான் என்று சத்தமாகச் சொன்னாள். ஆர்னெட்டா தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தாள். ராஸ்கோவுக்குப் பிடித்திருக்கும்.

அவளுக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு முழுக்க வார்டு ஆட்கள். லாமான்ட் இரவு வேலை முடித்து, கோட்டை மாட்டிக்கொண்டு நேரே வந்திருந்தான். அத்தனை பாட்டுக்கும் நடுவில் அவன் தலை மெல்ல மெல்லச் சரிந்து, ட்ரூடியின் தோளில் போய் நின்றது. அவள் இரண்டு தடவை முழங்கையால் இடித்துவிட்டு, பாவம் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளை உடுப்பில் மிஸஸ் ப்ரூயிட் முன்னால் வந்தாள். சவப்பெட்டியின் மேல் ரோஜாவை வைத்தாள். விளக்கை ஏற்றினாள். ஒரு சின்ன மணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "நம் சகோதரரைக் கடைசி முறையாகப் பணிக்கு அழைக்கிறோம்" என்று படித்தாள்.

ஆர்னெட்டா சட்டென்று பக்கத்தில் திரும்பினாள்.

"என்னது இது?" என்றாள் இமோஜினிடம்.

"மூணு தடவ பேரக் கூப்பிடுவாங்க. அப்பறம் வெளக்க அணைச்சிருவாங்க. நல்லா இருக்கும், பாரு."

"ஒனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா உக்காந்திருந்த?"

இமோஜின் பதில் சொல்லுவதற்குள் மணி அடித்தது. "நர்ஸ் ராஸ்கோ டில்லரி."

கைவிசிறிகள் நின்றுவிட்டன. இத்தனை நேரம் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை கூட நேரம் பார்த்துத்தானா வாயை மூட வேண்டும். எத்தனையோ பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது தான் உட்கார்ந்திருப்பது ஆர்னெட்டாவுக்கு விளங்கியது. பட்டாளத்துக்காரர்களைத் தடுத்தாள், இந்த விளக்கு நர்ஸ்கள் பின்வாசல் வழியாக அதையே கொண்டுவந்து மடியில் கொட்டிவிட்டார்கள். எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தாள். இமோஜினின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். நன்றாக வலிக்கட்டும்.

மணி இரண்டாவது தடவை அடித்தது, முன்னைவிட உரக்க. "நர்ஸ் ராஸ்கோ டில்லரி."

"நான் பாத்துக்கறேன்!"

சர்ச் முழுக்கத் திரும்பியது. லாமான்ட் எழுந்து நின்றிருந்தான். கண் பாதிதான் திறந்திருந்தது. ஒரு கை கோட்டுப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது.

"எந்த பெட்?" என்றான்.

ட்ரூடி அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். லாமான்ட் பூவைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். அத்தனை பெரிய உடம்பும் சுருங்கி, "கடவுளே. மன்னிச்சிருங்க மிஸ் ஆர்னெட்டா" என்று பஞ்சுக் குரலில் சொன்னான்.

முதலில் ஆர்னெட்டாவின் தோள் குலுங்கியது. பிறகு தொப்பி குலுங்கியது. கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. தம்பி பெண்டாட்டி உடைந்துவிட்டாள் என்று நினைத்து இமோஜின் சர்ச்சுப் பெண்களைக் கை காட்டிக் கூப்பிட, இரண்டு பேர் விசிறியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் ஆர்னெட்டாவால் கொஞ்சநஞ்சமும் அடக்க முடியாமல் போயிற்று. கைக்குட்டையை எடுத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து, கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போயிற்று. போதகர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டாளத்து வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த மெக்கி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். மிஸஸ் ப்ரூயிட் மட்டும் மணியும் கையுமாய், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். அவள் படிக்க வைத்திருந்த தாளில் இதற்கு வழி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஆர்னெட்டா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு தடவ பாக்கி இருக்குல்ல?"

"இருக்கு மிஸ் ஆர்னெட்டா. வேணாம்னா விட்டுடலாம்."

"கூப்பிடுங்க."

மணி அடித்தது. மிஸஸ் ப்ரூயிட் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நர்ஸ் ராஸ்கோ டில்லரி."

அந்த இரண்டு பெஞ்சும் ஒன்றாக எழுந்தது. லாரி ஓட்டியவள், டாங்கி முடுக்கியவன், சோறாக்கியவன், கப்பலில் தளம் கழுவியவன், எல்லோரும் வார்டில் நிற்கிற மாதிரியே நின்றார்கள்.

"நாங்க பாத்துக்கறோம்."

மிஸஸ் ப்ரூயிட் தாளைப் பார்த்தாள். அதை மடித்து உடுப்புப் பைக்குள் வைத்தாள். பெட்டியின் பக்கம் குனிந்து, "அவங்க பாத்துக்கறாங்களாம், ராஸ்கோ. நீங்க போகலாம்" என்று சொல்லி விளக்கை அணைத்தாள். பாட்டுக்குழு அதற்குமேல் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து ஊரே ஆர்னெட்டாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கல்லறையில் எக்காளம் ஊதினார்கள், வேட்டுப் போட்டார்கள், கொடியை மடித்து அவள் மடியில் வைத்தார்கள். எல்லாவற்றையும் தாங்கினாள். அந்தக் கொடி இப்போது முன்னறை அலமாரியில் இருந்தது. மேசை கொள்ளாமல் சாப்பாடு. கோழி, பன்றித் தொடை, கீரை, சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனி, மூன்று வீட்டிலிருந்து மூன்று வெண்ணெய் கேக். எது யார் கேக், எது மேல் என்று இமோஜின் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கையில் நாலு நகத் தடம் இருந்தது, அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. கொல்லைப் புறத்தில் மெக்கி சீட்டுக் கட்டைப் பிரித்துவிட்டார். சிரிப்பும் சண்டையுமாக வீடு கிடந்தது.

கேக்குக்கு மேலே ஊற்ற பீச் இருந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஆர்னெட்டா அலமாரியிலிருந்து இன்னொரு ஜாடியை எடுத்தாள். சக்கரை கம்மியான அதே வருஷத்து ஜாடி. மூடி அசைவேனா என்றது. துணியால் பிடித்துத் திருகினாள். கரண்டிக் காம்பால் தட்டினாள்.

"ராஸ்கோ, இத கொஞ்சம் தெறந்து குடு."

சமையலறையில் இருந்த பெண்கள் கரண்டியும் தட்டுமாய் அப்படியே நின்றுவிட்டார்கள். இமோஜின் வாயைத் திறந்து, நல்லவேளை, மூடிக்கொண்டாள்.

முன்னறைச் சோபாவில், ஷூவைக் கூடக் கழற்றாமல் கவிழ்ந்தடித்துத் தூங்கிக்கொண்டிருந்த லாமான்ட்டின் ஒரு கை மட்டும் மேலே எழும்பியது.

"நான் பாத்துக்கறேன்" என்றது குரல், தலையணைக்குள்ளிருந்து.

ஆர்னெட்டா நடந்து போய் அந்தக் கையில் ஜாடியை வைத்தாள். அவன் புரண்டு, ஜாடியை நெஞ்சோடு அணைத்து, கண்ணைத் திறக்காமலே மூடியைத் திருகினான். டப் என்றது. அவள் பக்கத்திலேயே நின்று, அவன் நீட்டும் வரை காத்திருந்து வாங்கிக்கொண்டாள்.